லைட்டை மாற்றுமுன்: செடித் தொட்டியின் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

செடி வைத்த மீன்தொட்டியில் எது பிழையானாலும் நம்மவர் முதலில் கை நீட்டுவது லைட்டை நோக்கித்தான். இலை மஞ்சளானால் லைட் காணாது. பாசி பிடித்தால் லைட் சரியில்லை. சிவப்புச் செடி பச்சையாகிப் போனால் வேறு லைட் வாங்கவேண்டும். கடைக்காரருக்கும் இது வசதி. உண்மையில் பல தொட்டிகளுக்குத் தேவைப்படுவது கூடின லைட் அல்ல. எரியும் நேரத்தைக் குறைப்பது, ஜன்னலுக்கு ஒரு திரை போடுவது, கரண்ட் போய் வந்தாலும் நேரம் தவறாத ஒரு டைமர் வாங்குவது, இவற்றில் ஒன்றிலேயே காரியம் முடிந்துவிடும்.

கீழே உள்ளதை வரிசையாக வாசிக்கத் தேவையில்லை. உங்கள் தொட்டியில் கண்ணுக்குத் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லாரும் செய்துவிட்டுப் போங்கள்.

எந்தக் கோளாறானாலும் முதலில் பார்க்கவேண்டியது

லைட் எத்தனை மணிநேரம் எரிகிறது என்று கேட்டால் "எட்டு மணிநேரம்" என்பார்கள். காலையில் வீட்டில் முதலில் எழும்புகிறவர் போடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மறுபடி போடும். இரவு கடைசியாகப் படுக்கிறவர் நினைவு வந்தால் அணைப்பார். கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டு தாண்டும். செடிக்கு 6 முதல் 8 மணிநேரம் போதும். கொழும்பில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணிநேரம், அறைக்குள் வரும் அந்த வெளிச்சமும் தொட்டிக்குக் கணக்கில் சேர்கிறது. ஆகவே டைமர் இல்லாதவர் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு ஒரு டைமர் வாங்கலாம். எந்த வகை டைமர் என்பது கொஞ்சம் தள்ளி வருகிறது.

அடுத்தது பிரகாசம். கடைகளில் இன்னும் "எத்தனை வாட்" என்றுதான் பேச்சு. அது பழைய டியூப்லைட் காலத்துக் கணக்கு. எல்.இ.டி.யில் வாட் என்பது எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். பெட்டியில் லூமென், அதாவது லைட் தரும் மொத்த வெளிச்சம், போட்டிருந்தால் அதைப் பாருங்கள். லீற்றருக்கு 10 முதல் 20 லூமென் என்றால் மெல்லிய வெளிச்சம், 20 முதல் 40 நடுத்தரம், அதற்கு மேல் பலமான வெளிச்சம். 60 லீற்றர் கொள்ளும் இரண்டடித் தொட்டிக்கு 1,200 லூமென் நிறையவே போதும், அதாவது ஓரளவு நல்ல எல்.இ.டி.யில் 12 வாட் அளவு.

லூமென் போடாத லைட்டா? போனில் லக்ஸ், அதாவது ஓரிடத்தில் விழும் வெளிச்சம், அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்ட் போன்களில் பெரும்பாலும் முன்பக்கம், காதில் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒளி உணரி இருக்கும். லைட்டைத் தொட்டியில் இருந்து எடுத்து, மணலுக்கு மேல் அது எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் பிடித்து, கீழே போனை மல்லாத்தி வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அறை இருட்டாக இருக்கவேண்டும். தண்ணீருக்குள் அளப்பதும் வெளியே அளப்பதும் ஒன்றல்லத்தான். ஆனால் தெளிந்த தண்ணீர் 12, 15 அங்குலத்தில் விழுங்கும் வெளிச்சம் கொஞ்சம்தான், கண்ணாடிச் சுவர்கள் உள்ளே திருப்பி அனுப்புவதில் அது ஓரளவு சரிக்கட்டப்படும். வெள்ளை எல்.இ.டி. என்றால் லக்ஸை 70ஆல் வகுத்துப் பாருங்கள். செடிக்குப் பயன்படும் ஒளி மைக்ரோமோல் கணக்கில் கிட்டத்தட்ட வந்துவிடும். 1,400 லக்ஸ் என்றால் 20, 3,500 என்றால் 50, 7,000 என்றால் 100. சிவப்பும் நீலமும் கலந்த லைட்டுக்கு இந்தக் கணக்கு பொய் சொல்லும், ஏனென்றால் லக்ஸ் மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவு, பச்சையையும் மஞ்சளையும் அது கூட்டி மதிக்கும்.

கிரிப்டோகோரைன், அனுபியாஸ், ஜாவா ஃபேர்ன், பாசிப்புல் (மொஸ்) வகைகளுக்கு 15 முதல் 30 மைக்ரோமோல் போதும். தண்டுச் செடிகள் 30இல் இருந்து 60க்குள் நன்றாகவே வரும். தரையை மூடும் மொன்டே கார்லோ மாதிரிச் செடிகளும் ஆழ்ந்த சிவப்புச் செடிகளும் 80க்கு மேல் கேட்கும், கூடவே காபனீரொக்சைட்டு கேஸும் கேட்கும். கேஸ் போடாத தொட்டியில் 50ஐத் தாண்டுவது பாசிக்கு அழைப்பிதழ் வைப்பதுதான்.

கடைசியாக ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள், பிறகு இரண்டு கிழமை பொறுங்கள். அதுவரை புது இலையை மட்டும் பாருங்கள். கெட்டுப்போன பழைய இலை எந்த லைட் போட்டாலும் திருந்தாது.

ஒரு பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் பச்சைப் பாசி

லைட் நடுவில் இருந்து எரிகிறது. அதனால் வரும் பாசி இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வரவேண்டும். ஒரு பக்கம் மட்டும், அதுவும் சாய்வாகக் கோடு கிழித்தது போல ஓரிடத்தில் மட்டும் பச்சை படர்ந்திருந்தால் அங்கே வெயில் விழுகிறது. நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் விழுவதால் கண்ணில் படுவதில்லை.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலைப் பார்த்த ஃப்ளாட்களில் இது சர்வசாதாரணம். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வெயில் சாய்ந்து சோபா வரை வந்துவிடும். நடுப்பகல் நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். ஜன்னல் கண்ணாடி, மெல்லிய திரை எல்லாம் தாண்டி அதில் கால்வாசி தொட்டிக்கு வந்தாலும், மேலே நீங்கள் காசு கொடுத்து வாங்கி மாட்டிய லைட் தருவதைப் போலப் பல மடங்கு. தினமும் ஒரு மணிநேரம் இப்படி விழுந்தால் டைமரை எத்தனை மணிக்கு வைத்தாலும் பலன் இல்லை.

இன்னொரு வகை இருக்கிறது, அதைப் பிடிப்பது கொஞ்சம் கடினம். வருடம் முழுக்க நன்றாக இருக்கும் தொட்டி, ஒவ்வொரு நத்தாருக்கும் பாசி பிடித்துவிடும். தண்ணீரைச் சந்தேகிப்பார்கள், தீனியைச் சந்தேகிப்பார்கள். கொழும்பு ஏறக்குறைய 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் சூரியன் நேர் உச்சியில் வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே ஜூனில் வடக்கு ஜன்னலுக்கு வெயில் வரும், டிசம்பரில் தெற்கு ஜன்னலுக்கு. "எங்கள் வீட்டு ஹோலுக்கு வெயிலே வராது" என்று சொல்கிறவர் எந்த மாதத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தேகமா? கண்ணாடியை முழுக்கச் சுரண்டிச் சுத்தமாக்குங்கள். ஜன்னல் பக்கக் கண்ணாடியில் பாதிக்கு வெளியில் இருந்து கறுப்பு மட்டையை ஒட்டுங்கள். பத்து நாள் கழித்து மட்டையைக் கழற்றிப் பாருங்கள். மறைத்த பாதி சுத்தமாகவும் மற்றப் பாதி பச்சையாகவும் இருந்தால் வழக்கு முடிந்தது. அந்தப் பக்கம் முழுவதற்கும் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அல்லது கனமான திரை போடுங்கள். தொட்டியை நகர்த்த முடிந்தால் இன்னும் நல்லது. வெயில் தண்ணீரையும் சுடவைக்கும். ஏற்கெனவே 28, 29 பாகையில் இருக்கும் நம்மூர்த் தொட்டிக்கு அது வேண்டாத வேலை.

செடி மேலே மேலே ஓடுகிறது, அடியில் இலை இல்லை

கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து, அடி இலைகள் உதிர்ந்து மொட்டையாகிவிட்டதா? அப்படியென்றால் சரி, இது உண்மையிலேயே வெளிச்சம் காணாத தொட்டி. ஆனால் இங்கேயும் உடனே கடைக்கு ஓடவேண்டாம்.

தொட்டியின் மூடிக் கண்ணாடியை விரலால் தடவிப் பாருங்கள். காலி வீதிக்குக் கிட்ட உள்ள வீடுகளில் தூசியும், கடல் காற்றின் உப்பும், தெறித்துக் காய்ந்த தண்ணீரும் சேர்ந்து மங்கலான படை ஒன்று பிடித்திருக்கும். அதை வினாகிரி தோய்த்த துணியால் துடைத்தெடுங்கள், முன்னும் பின்னும் லக்ஸ் அளந்தால் நம்பமாட்டீர்கள். பிறகு தண்ணீரின் மேல்பரப்பைப் பாருங்கள். சால்வீனியா, டக்வீட் மாதிரி மிதக்கும் செடிகள் மேலே பாய் விரித்திருந்தால் கீழே எதற்கும் வெளிச்சம் கிடைக்காது, பாதியையாவது அள்ளுங்கள். அள்ளியதை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள், கானுக்குள் கொட்டாதீர்கள். சால்வீனியா இந்த நாட்டுக்குள் வந்தது 1939இல், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை வழியாக. அப்புறம் அது வயலையும் வாய்க்காலையும் மூடிய கதை விவசாயிகளுக்குத் தெரியும்.

நடுவில் செடி நன்றாகவும் இரண்டு மூலையிலும் நோஞ்சானாகவும் இருந்தால் லைட் தொட்டியைவிடக் கட்டை. இரண்டரை அடித் தொட்டிக்கு ஒன்றரை அடி லைட்டைப் போட்டுவிட்டு மூலைச் செடியை நோவதில் பயனில்லை. லைட்டை மூன்று நான்கு அங்குலம் மேலே உயர்த்தினால் வெளிச்சம் விரியும், ஆனால் நடுவில் கொஞ்சம் குறையும். அப்படியும் காணாவிட்டால் மூலைகளுக்கு அனுபியாஸையும் கிரிப்டோகோரைனையும் மாற்றிவிடுங்கள். செடியை இடம் மாற்றுவதற்குச் செலவில்லை.

பழைய டியூப் போட்ட மூடி என்றால் டியூப்பை மாற்றிப் பல காலம் ஆகியிருக்கும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் வருடம் ஆக ஆக அதன் ஒளி குறைந்துகொண்டே போகும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மணலில் 20 மைக்ரோமோல்கூட வரவில்லையென்றால் லைட்டை மாற்றவேண்டியதுதான்.

இலை மஞ்சள், இலையில் ஓட்டை

லைட்டின் தலையில் அநியாயமாக விழும் பழி இது. எந்த இலை மஞ்சள் என்று முதலில் பாருங்கள். நைதரசன், பொட்டாசியம், மக்னீசியம் போன்றவற்றைச் செடி பழைய இலையில் இருந்து கழற்றிப் புது இலைக்கு அனுப்பும். ஆகவே அவை காணாவிட்டால் முதலில் வாடுவது அடி இலை. இரும்பும் கல்சியமும் அப்படி நகராது, காணாவிட்டால் நுனி இலைதான் சொல்லும்.

அடி இலை முழுசாக மஞ்சளானால் நைதரசன். அடி இலையில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்து அதைச் சுற்றி மஞ்சள் வட்டம் என்றால் பொட்டாசியம். நுனி இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு. நுனி இலை சிறுத்து முறுக்கிக்கொண்டால் கல்சியத்தைச் சந்தேகியுங்கள், கேஸ் போடும் தொட்டியானால் கேஸ் ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

கொழும்பில் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய்த் தண்ணீர் அம்பத்தளையில் களனி கங்கையில் இருந்தும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்தும் வருகிறது. ஈரவலயத்து மழைத் தண்ணீர், மென்மையானது. மீனுக்கும் கிரிப்டோகோரைனுக்கும் தங்கமான தண்ணீர். ஆனால் பலமான லைட்டும் கேஸும் போட்டுச் செடியை விரட்டி வளர்க்கும்போது அதில் உள்ள கொஞ்சநஞ்சக் கல்சியம் போதாமல் போகும். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் கிணற்றுத் தண்ணீரில் இந்தப் பிரச்சினையே தெரியாமல் வளர்ப்பார். அங்கே நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அவர் சொல்லும் வைத்தியம் இங்கே பலிக்காது, நம்முடையது அங்கே பலிக்காது.

இந்த அறிகுறிகளுக்கு லைட்டைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். வெளிச்சம் கூடக் கூடச் செடியின் தேவையும் கூடும், இல்லாதது இன்னும் இல்லாமல் போகும். உரம் வாங்கிப் போடும்வரை லைட்டைக் குறைத்து வையுங்கள்.

காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது

கேஸ் போடுகிறவர்களுக்கான பகுதி இது. முதலில் கேஸை நிறுத்துங்கள், காற்று மோட்டாரைப் போடுங்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரினைப் போக்கும் மருந்து போட மறக்கவேண்டாம். மீன் தேறிய பிறகு காரணத்தைத் தேடலாம்.

காரணம் பெரும்பாலும் கேஸ் போத்தலில் இருக்காது, டைமரில் இருக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மலிவாகக் கிடைப்பது வட்டத் தட்டு சுற்றும் டைமர். தட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் பற்கள், ஒவ்வொன்றும் 15 நிமிடம். அதைச் சுற்றுவது வீட்டுக் கரண்டில் ஓடும் ஒரு குட்டி மோட்டார். கரண்ட் போனால் தட்டு நின்றுவிடும், வந்தால் நின்ற இடத்தில் இருந்து தொடங்கும். மூன்று மணிநேரம் கரண்ட் இல்லையென்றால் அன்றில் இருந்து எல்லாமே மூன்று மணிநேரம் பிந்தி நடக்கும். அடுத்த முறை கரண்ட் போனால் இன்னும் பிந்தும்.

லைட்டுக்கு மட்டும் இந்த டைமர் என்றால் பரவாயில்லை, இரவு பத்து மணிக்கும் லைட் எரிவதைக் கண்டு சரி செய்வீர்கள். சிக்கல் எப்போது என்றால், லைட்டுக்கு பற்றரி உள்ள டிஜிட்டல் டைமரும் கேஸுக்கு வட்டத் தட்டும் போட்டிருக்கும்போதுதான். லைட் பின்னேரம் 2 மணி முதல் 9 வரை, கேஸ் 1 மணி முதல் 8 வரை என்று வைத்தீர்கள் என்போம். மூன்று மணிநேரம் கரண்ட் போய் வந்த பிறகு லைட் அதே 2 மணிக்கு எரியும். கேஸ் 4 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு முடியும். முதல் இரண்டு மணிநேரம் செடி கேஸ் இல்லாமல் வெளிச்சத்தில் நிற்கிறது, இது பாசிக்கு வேட்டை. கடைசி இரண்டு மணிநேரம் லைட் அணைந்த பிறகும் கேஸ் போய்க்கொண்டே இருக்கிறது. இருட்டில் செடி காபனீரொக்சைட்டை எடுக்காது, மாறாகத் தானும் ஒட்சிசனை எடுத்துக் காபனீரொக்சைட்டையே விடும். சூடான தண்ணீர் ஒட்சிசனைக் குறைவாகத்தான் பிடித்துவைக்கும். 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் என்றால் 30 பாகையில் 7.5தான். குளிர் நாட்டவர் காணொளியில் கேஸை இரவு முழுக்க விட்டும் மீன் சும்மா இருக்கிறதே என்று பார்த்து ஏமாறவேண்டாம்.

2022இல் தினமும் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய நாட்களில், மார்ச் கடைசியில் 13 மணிநேரம் வரை போன நேரத்தில், வட்டத் தட்டு டைமர் இந்த வேலைக்கு ஆகாது என்பதை எல்லாரும் பார்த்தார்கள். இப்போது அவ்வளவு இல்லைத்தான், ஆனால் மழைக்கும் காற்றுக்கும் போகிற கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது. உள்ளே பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர் ஒன்றே ஒன்று வாங்கி, லைட்டையும் கேஸையும் சேர்த்து ஓட்டுங்கள். கேஸ் லைட்டுக்கு ஒரு மணி முன்னதாகத் தொடங்கவேண்டும் என்று விரும்பினால் அதே வகையில் இரண்டு. வைஃபை பிளக் போடுகிறவர்கள், கரண்ட் வந்த பிறகு அது எரிந்த நிலைக்குப் போகுமா அணைந்த நிலைக்குப் போகுமா என்று பிளக்கைக் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாசி, ஆனால் எந்தப் பாசி?

புதுத் தொட்டியில் எல்லாவற்றின் மேலும் பழுப்புத் தூசி, துடைத்தால் உடனே போகிறது: டயற்றம் என்னும் நுண்பாசி. லைட்டைத் தொடவேண்டாம். சில கிழமைகளில் தானே அடங்கும்.

கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் வட்ட வட்டமாகக் கெட்டியான பச்சைப் பொட்டு, நகத்தால் சுரண்டினாலும் போகாது: வெளிச்சம் கூடுதல், பல நேரம் பொசுபேற்றும் குறைவு. அனுபியாஸின் இலை மாதக்கணக்கில் நிற்பது, அதனால் பொட்டு சேரச் சேர இருக்கும். கண்ணாடியைச் சவர அலகால் சுரண்டுங்கள். அனுபியாஸை மரக்கட்டையின் நிழலுக்கோ உயரமான செடியின் கீழோ நகர்த்துங்கள். லைட் நேரத்தில் இரண்டு மணியைக் குறையுங்கள்.

இலை விளிம்பிலும் ஃபில்டர் குழாயிலும் கறுப்புக் குஞ்சம்: இது உண்மையில் சிவப்புப் பாசி வகை. கேஸ் ஒருநாள் கூடியும் ஒருநாள் குறைந்தும் போகும் தொட்டிகளில் இதைப் பார்க்கலாம், மேலே சொன்ன டைமர் கதையை மறுபடி வாசியுங்கள். ஃபில்டர் பஞ்சில் அழுக்குத் தேங்கினாலும் வரும். செடியை வெளியே எடுத்து, பார்மசியில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைப் பஞ்சால் குஞ்சத்தில் தடவி, சில நிமிடம் விட்டுக் கழுவி உள்ளே வையுங்கள். ஓரிரு நாளில் குஞ்சம் இளஞ்சிவப்பாக மாறினால் செத்துவிட்டது. பாசிப்புல் வகைகளுக்கு இந்த வைத்தியம் ஆகாது, அவையும் வெந்துபோகும்.

தண்ணீரே பச்சை, பின்பக்கம் தெரியவில்லை: வெயிலைத் தேடுங்கள், "ஒரு பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் பச்சைப் பாசி" என்ற தலைப்பைப் பாருங்கள். பிறகு லைட்டை அணைத்து, தொட்டியைத் தடித்த போர்வையால் மூன்று நான்கு நாள் முழுக்க மூடிவையுங்கள். கேஸை நிறுத்திக் காற்று மோட்டாரை விடாமல் ஓட்டுங்கள், செத்த பாசி அழுகும்போது ஒட்சிசனைத் தின்னும். நடுவில் திறந்து திறந்து பார்த்தால் எல்லாம் வீண். மீனுக்கு இந்த நாட்களில் தீனி இல்லாமல் ஒன்றும் ஆகிவிடாது. திறந்தவுடன் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

புது லைட் போட்ட மறுகிழமை கிரிப்டோகோரைன் கூழாகிவிட்டது

வெண்டியை, பெக்கெட்டியை, வோக்கரியை என்று கடையில் கேட்கும் கிரிப்டோகோரைன் இனங்கள் இந்தத் தீவுக்கே உரியவை, ஈரவலயத்து ஓடைகளில் மரநிழலில் வளர்கின்றன. திடீர் மாற்றம் அவற்றுக்குப் பிடிக்காது. வெளிச்சமோ தண்ணீரோ சட்டென்று மாறினால் இலைகள் கண்ணாடி போலாகிக் கரைந்துபோகும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், வேர் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். கரைந்த இலையை வெட்டி அகற்றுங்கள், வேரைப் பிடுங்கிவிடாதீர்கள். லைட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுபோய் அங்கேயே விடுங்கள். இரண்டு மூன்று கிழமையில் முளை தெரியும்.

கடையில் இருந்து புதிதாகக் கொண்டுவந்த செடி கரைந்தால் அது வேறு விஷயம். பண்ணைகளில் பல செடிகளைத் தண்ணீருக்கு மேலே வளர்த்துத்தான் விற்கிறார்கள். அந்த இலை தண்ணீருக்குள் நிலைக்காது, புது இலை வரட்டும்.

சிவப்புச் செடி சிவக்கவில்லை

ரொட்டாலா, லட்விஜியா, ஆல்டர்னந்தெரா மூன்றும் பலமான வெளிச்சத்தில்தான் உண்மையாகச் சிவக்கும். மணலில் 80 மைக்ரோமோல் இல்லையென்றால் இளம்பச்சையையும் செம்மஞ்சளையும் ஏற்றுக்கொள்ளவேண்டும். சிவப்பு எல்.இ.டி. கூட்டிய லைட்டின் கீழே எந்தச் செடியும் சிவப்பாகத் தெரியும், அது செடியின் நிறமல்ல, லைட்டின் நிறம். கடையில் பார்த்து மயங்கினால் போனின் டோர்ச் வெளிச்சத்தை அடித்து அதே இலையைப் பாருங்கள். பண்ணைப் படங்களை நம்பி ஊதா நிற லைட் வாங்காதீர்கள். செடிக்கு 6,500 கெல்வின் சாதாரண வெள்ளையே போதும், ஊதாவில் வீட்டு ஹோல்தான் களியாட்ட விடுதி போலாகும்.

மீன் ஒளிந்துகொள்கிறது

நம் நாட்டுச் செர்ரி பார்ப், 1929இல் விலங்கியலாளர் தெரணியகல விவரித்த மீன், நிழலான ஓடைகளில் வாழ்வது. சட்டென்று முழு வெளிச்சம் எரிந்தால் பயந்து மூலைக்கு ஓடும், நிறமும் வெளிறும். தொட்டி லைட்டுக்குப் பத்து நிமிடம் முன்பு அறை லைட் எரியட்டும். மிதக்கும் செடியை ஒரு மூலையில் கயிறு கட்டி நிறுத்துங்கள். மெல்லக் கூட்டும் டிம்மர் இருந்தால் இன்னும் நல்லது.

லைட் மின்னுகிறது, அல்லது ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

இதில் பரிசோதனை வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகுதான் தொட்டிக்குள் கை. கடலோர வீடுகளில் பிளக் முள்ளும் வயர் இணைப்பும் பச்சை பூத்திருக்கும், லைட் மின்னுவதற்கு அதுவே காரணமாகலாம். அது சுத்தமாக இருந்தும் மின்னினால் ட்ரைவர், அதாவது வயரில் தொங்கும் சின்னப் பெட்டி போயிருக்கும். அதே வோட்டேஜ், அதே அம்பியருக்கு மாற்றலாம். ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் லைட்டுக்குள் தண்ணீர் போயிருக்கலாம், உலரவைத்து மறுபடி போட்டுப் பார்க்கும் எண்ணத்தை விடுங்கள். வயர் பிளக்குக்குப் போகுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள். வயர் வழியாக வரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

எல்லாம் பார்த்தும் லைட் வாங்கத்தான் வேண்டும்

கடைக்குத் தொட்டியின் நீளம், உயரம், மணலில் அளந்த லக்ஸ் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். "நானா, இதைவிடப் பவர் கூடினது இருக்குமா?" என்று கேட்டால் கூடினதைத்தான் எடுத்துத் தருவார். "நானா, இரண்டடிக்கு 1,200 லூமென், 6,500 கெல்வின், டிம் செய்யக்கூடியது" என்று கேளுங்கள். அங்கேயே போனை வைத்து லக்ஸ் அளந்தால் அவர் சிரிக்கலாம், சிரிக்கட்டும். டிம்மர் இல்லாத பலமான லைட்டும் டிம்மர் உள்ள நடுத்தர லைட்டும் ஒரே விலை என்றால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள்.

காசு குறைவென்றால் வெட்கப்படத் தேவையில்லை. மின்சாமான் கடையில் விற்கும் 6,500 கெல்வின் எல்.இ.டி. ஃப்ளட் லைட், 10 வாட், மழைக்குத் தாங்கும் வகை, கிரிப்டோகோரைனும் ஜாவா ஃபேர்னும் வைத்த இரண்டடித் தொட்டிக்கு அழகாக ஓடும். தாங்கி ஒன்றை மட்டும் உறுதியாகச் செய்துகொள்ளுங்கள்.

புது லைட்டை முதல் நாளே முழுப் பலத்தில் எரிக்காதீர்கள். பாதிப் பலம், 6 மணிநேரம். டிம்மர் இல்லாவிட்டால் உயரத் தூக்கிக் கட்டுங்கள், அல்லது இடையில் கொசுவலைத் துணி ஒரு மடிப்பு போடுங்கள். கிழமைக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள், நேரத்தையும் பலத்தையும் ஒரே கிழமையில் கூட்டவேண்டாம். கண்ணாடியைத் துடைத்து இரண்டு மூன்று நாளுக்குள் மறுபடி பச்சைத் தூசி படிந்தால் ஒரு படி இறக்கி, அந்த அளவிலேயே ஒரு மாதம் விட்டுவிடுங்கள்.